பொஸான் தேடிய வாசல்

பேசாத முடிவெட்டுக்காரனை நம்பக்கூடாது என்பது என் கட்சி. கத்தரிக்கோல் ஓடும்போது வாயும் கூட ஓடவேண்டும். அப்போதுதான் வெட்டுப்படுகிறவனுக்கும் பொழுதுபோகும், ஊர்ப் புதினமும் கிடைக்கும். மிச்சம் என்கிற இந்த இங்கிலீஸ் ஊரில் நான் கல்லாவில் இருக்கும் பலசரக்குக் கடைக்குப் பக்கத்துச் சலூனில் பொஸான் என்றொருவன் வேலை செய்கிறான். வாயே திறக்கமாட்டான். கடைப் பலகையில் துருக்கிச் சலூன் என்று எழுதியிருக்கும். முதலாளி சைப்பிரஸ்காரன். வெட்டுகிற பொஸானோ சிரியாவிலிருந்து வந்த குர்து. இத்தனை நாட்டைக் கலந்து ஒரு சின்னக் கடை நடந்தால் பக்கத்தில் இருக்கிறவனுக்கு யோசனை வராதா?

யோசனை மேலும் வரும்படிதான் அவனும் நடந்துகொண்டான். ஒருநாள் உடுப்புத் தோய்க்கிற கடையின் ஜன்னல் திட்டில் ஒரு முழங்கையை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். உள்ளே ஒரு வெள்ளைக்காரக் கிழவி பயந்துபோய்த் தன் தோய்த்த உடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அவன் சட்டைப்பைக்குள்ளிருந்து அளவு நாடாவை எடுத்து, நிலத்திலிருந்து திட்டு மட்டும் அளந்து, உடனே யாருக்கோ போன் எடுத்தான். இன்னொருநாள் தேவாலய மதிலில் முதுகைச் சாய்த்துப் பார்த்தான். சரிவரவில்லை போலும், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

பிறகு தெரியவந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களைப் போல நீங்களும் அவனைச் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்கவேண்டாம்.

பொஸானின் ஊர் கொபானி, துருக்கி எல்லையை ஒட்டியது. சண்டையில் தெருத்தெருவாக இடிந்தது. அவனுடைய வீடும் மண்ணோடு மண். அவன் தாய் எமினேக்குச் சண்டைக்கு முதலே சலரோகத்தில், சீனி வியாதியில், இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆனால் அந்த வீட்டுக்குள் அவளைப் பார்த்தால் கண் தெரியாதவள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்களாம். ரொட்டி சுடுவாள், தண்ணீர் எடுப்பாள், வந்தவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுப்பாள். வீடு முழுக்க அவள் கைக்கும் காலுக்கும் தெரியும். இப்போது பக்கத்துக் கிராமத்தில் தன் தமக்கையின் மகள் வீட்டில் இருக்கிறாள். நல்ல பிள்ளைகள், நல்ல வீடு. ஆனால் கக்கூசுக்குப் போகவும் யாரையாவது கூப்பிடவேண்டும். ஆகவே மூலையில் இருந்த இடத்தை விட்டு எழும்புவதில்லை.

“பழைய வீட்டை அப்படியே கட்டினால் வருவேன். வேறு வீடென்றால் இந்த மூலையே போதும்” என்று மகனுக்குச் சொல்லிவிட்டாள்.

அப்படியே கட்டுவதற்கு ஒரு படமும் இல்லை, பிளானும் இல்லை. இருந்தது பொஸானின் உடம்பு மட்டும்தான். ஜன்னலில் முழங்கை எவ்வளவு உயரத்தில் ஊன்றியது, மதிலில் முதுகின் எந்த இடம் பட்டது என்பது அந்த உடம்புக்குத் தெரியும். ஆகவே மிச்சத்திலும் பக்கத்து மோர்டனிலும் கண்ட திட்டில் எல்லாம் சாய்ந்து பார்த்து, உடம்பு ஓமென்று சொன்ன இடத்தை அளந்து ஊருக்குச் சொன்னான். அங்கே மேசன் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தான். எல்லாம் முடிந்தது. மிஞ்சியது முன்வாசல் உயரம் ஒன்றுதான்.

அது பழைய பதிந்த வாசல், எல்லாரும் குனிந்துதான் போகவேண்டும். கண் தெரியாத எமினே அந்த இடத்தில் வந்ததும் தானாகக் குனிவாள். உயரம் கூடினால் வெறுங்காற்றுக்குக் குனிந்து தடுமாறுவாள், குறைந்தால் மண்டை உடையும். ஜெர்மனியில் இருக்கிற தமையனைக் கேட்டால், வாசல் தன் முகநாடி மட்டத்துக்குத்தான் வரும் என்றான். எந்த வயதில் இருந்த நாடி என்று கேட்டால் சண்டைக்கு வருகிறான். மேசனுக்கோ அவசரம். “உயரத்தைச் சொல், இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தபடி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன்.”

இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை. நாங்கள் எங்களுக்குத் தெரிந்த வழியில் யோசித்தோம்.

கடைக்குப் பின்தெருவில் அம்பலவாணன் அண்ணையின் வீடு. பெற்றோல் ஸ்டேசனில் மனேஜராக இருக்கிறார். வீட்டுப் பின்வளவில் ஒரு ஷெட் கட்டி, அதற்குள் கட்டிலும் ஹீட்டரும் போட்டு, செபமாலைமுத்து அண்ணையை வாடகைக்கு இருத்தியிருந்தார். அனுமதி கொடுக்கவேண்டிய நகரசபைக்கு, கவுன்சிலுக்கு, இது தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே கூரையை வேலிக்கு மேலே தலை காட்டாமல் பதித்துக் கட்டினார். முன்பக்கம் கூரையைத் தாங்குகிற வளைமரம் கதவுக்கு ஒரு அடி முன்னால் தாழத் தொங்கும். முதல்தரம் போகிற எவனும் அதில் நெற்றியை இடிக்காமல் போனதில்லை. நான் மூன்று தரம் இடித்தேன். வயரிங் செய்ய வந்தவன் இடித்துவிட்டுக் கூலியைக் கூட்டிக் கேட்டான். இடித்தவரைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே வசந்தமலர் அக்கா, அம்பலவாணன் அண்ணையின் மனுசி, குசினி ஜன்னலடியில் நிற்பா.

செபமாலைமுத்து அண்ணை ட்ராம் மேடையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு கிடந்தபோது, முடிவெட்டப் பொஸான் வீட்டுக்கு வந்தான். அக்கா வழக்கம்போல் ஜன்னலடியில் ஆயத்தமாக நின்றா. அவன் ஏதோ யோசனையில், போனைப் பார்த்தபடி வந்தான். வளைமரம் வந்ததும் நிமிர்ந்தும் பார்க்காமல் தலையைச் சரித்துக் குனிந்து, உரசாமல் உள்ளே போய்விட்டான்.

போனவன் உள்ளே நின்றுவிட்டான். திரும்பி வெளியே வந்து வளைமரத்தைப் பார்த்தான். கையால் தடவினான். மறுபடி உள்ளே போனான், இந்தமுறை மடாரென்று இடித்துக்கொண்டான். இடித்துவிட்டுச் சிரித்தான். முடியை வெட்டி முடித்து வெளியே வந்து போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போக, அக்கா அகப்பையோடு ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினா. படத்தில் விழுந்தது அவவின் உள்ளங்கை மட்டும். அவன் நாடாவை எடுக்க முதலே வெளியே அனுப்பிக் கேற்றைப் பூட்டிவிட்டா.

அன்று பின்னேரமே எங்கள் கடையில் மாநாடு.

“முதல் தரம் வந்தவன் எப்பிடிக் குனிஞ்சவன்?” என்றா அக்கா. “எனக்கு அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ.”

“கெட்டிக்காரனா இருப்பான்” என்றேன்.

“நீங்கள் மூண்டு தரம் இடிச்சனீங்கள் எண்டபடியா அப்பிடிச் சொல்லுறியள். இடிபடாமல் போனவன் முதலே வந்து பாத்திருக்கிறான். நாங்கள் இல்லாத நேரம் வேலியால ஏறி வந்திருக்கிறான்.”

அம்பலவாணன் அண்ணை குரலைத் தாழ்த்தினார். “கையில நாடா வேற. தெருத்தெருவா அளந்துகொண்டு திரியிறான். இவன் கவுன்சில்காரன்தான்.”

“கவுன்சில்காரன் ஏன் அண்ணை சலூன்ல மயிர் வெட்டுறான்?”

“வேசம் காணும், வேசம்! எங்கட ஊரில ஐஸ்கிரீம் வித்துக்கொண்டு வந்தவன் ஆரெண்டு பிறகுதானே தெரிஞ்சது?”

சண்டைக்காலத்தில் உளவு பார்க்க வந்தவன் அவன். ஐஸ்கிரீம்காரனை எனக்கும் தெரியும்.

துப்பறியும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் போய்ப் பொஸானின் கதிரையில் இருந்தேன். எங்கள் இரண்டு பேருடைய இங்கிலீசையும் சேர்த்தாலும் ஒரு முழு இங்கிலீஸ் வராது. நாங்கள் கதைத்ததைத் தமிழாக்கித் தருகிறேன். ‘அண்ணை’ மட்டும் அவன் எங்கள் கடையில் பொறுக்கிய சொல்.

“பொஸான், உனக்குக் கவுன்சில்ல ஆரையும் தெரியுமோ?”

கத்தரி நின்றது. “ஏன் கேக்கிறியள், அண்ணை?”

“சும்மா.”

“சும்மா ஒருத்தரும் கேக்கிறேல்ல. எங்கட ஊரில, ஆர் எந்த வீட்டில எண்டு கேட்டவன் ஒருநாளும் நல்லதுக்குக் கேட்டதில்ல.” கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தான். “அந்தப் பின்வளவு வீட்டுக்காரர் உங்கட கூட்டாளிதானே? நான் ஒருக்கா உள்ள போகேலுமோ?”

“ஏன்?”

“சும்மா.”

அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் கண்ணாடிக்குள் காவல் காத்துக்கொண்டு ஒரு முடிவெட்டு முடிந்தது. காதுப் பக்கம் கொஞ்சம் கூடவே எடுத்துவிட்டான்.

நேரே போய் அம்பலவாணன் அண்ணையிடம், கவுன்சில் என்றதும் கத்தரி நின்றதைச் சொன்னேன். நின்றது கொஞ்ச நேரம்தான். சொல்லும்போது அது நீண்டுவிட்டது. கதை சொன்னால் அப்படித்தான்.

அந்தக் கிழமையே பொஸான் இரண்டு தரம் கேற்றடிக்கு வந்தான். செபமாலைமுத்து அண்ணைக்குச் சும்மா முடி வெட்டிவிடுகிறேன் என்றான். அவர் தலையில் இருந்ததே ஒரு பிடி மயிர், அதையும் இவன்தான் சில நாளைக்கு முதல் வெட்டியிருந்தான். பிறகு சலூன் பின்படியில் ஏறிநின்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அக்கா கண்டுவிட்டா. அவன் கையசைத்துச் சிரித்தான்.

“சிரிக்கிறான், இஞ்சாருங்கோ! எங்களைப் பிடிச்சுக் குடுக்கப்போறன் எண்டு முகத்துக்கு நேர சிரிக்கிறான்!”

அன்றைக்கே அம்பலவாணன் அண்ணை முடிவெடுத்தார். கடிதம் வர முதல் ஷெட்டை இடிப்பது. வந்து பார்க்கிறவனுக்குப் புல்லும் பூச்சாடியும்தான் தெரியவேண்டும். செபமாலைமுத்து அண்ணையை ஊன்றுகோலும் கையுமாக முன்னறைச் சோபாவுக்கு மாற்றினார்கள்.

“ஒருத்தன் குனிஞ்சு போனானெண்டு வீட்டை இடிக்கிறியளே” என்று அவர் சோபாவிலிருந்து கத்தினார். “அவன் நிமிந்து போயிருந்தா என்னத்தை இடிப்பியள்?”

“நீங்கள் பேசாமல் இருங்கோ. உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கள்தான்” என்றா அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கினோம். நானும் போனேன், இப்படியான இடத்தில் நான் இல்லாமல் எப்படி? கூரைத் தகரம் கழன்று வந்தது. கதவு வந்தது. அம்பலவாணன் அண்ணை வளைமரத்தை வாளால் இரண்டாக அறுத்தார். அதைத் தாங்கி நின்ற கல்லுகளைத் தட்டி, வாசலில் நின்ற ஸ்கிப் என்கிற பெரிய குப்பைத் தொட்டிக்குள் எறிந்தோம். மத்தியானத்துக்கு முதல் நாலு பக்கமும் வெளி. அண்ணையின் ட்ரில் மட்டும் பழைய ஷெட்டின் பின்மூலையில், வேலியோரம் கிடந்தது.

அப்போதுதான் பொஸான் ஓடிவந்தான். வாயில் சீப்பு. அவனுக்குப் பின்னால், பாதித் தலை வெட்டின ஒரு வெள்ளைக்காரன் கழுத்தில் கட்டின துணியோடு என்ன ஏதென்று தெரியாமல் ஓடிவந்தான்.

“நில்லுங்கோ! அண்ணை, நில்லுங்கோ!”

“வந்திட்டார் ஒபிசர்” என்றார் அம்பலவாணன் அண்ணை. கையை விரித்துக் காட்டினார். “பாரும் ஐசே. ஷெட் எண்டொரு சாமான் இஞ்ச இல்ல. வடிவா எழுதிக்கொண்டு போம்.”

பொஸான் அவரைப் பார்க்கவில்லை. இரண்டாகக் கிடந்த வளைமரத்தைப் பார்த்தான். சீப்பு வாயிலிருந்து விழுந்தது. புல்லில் அப்படியே குந்திவிட்டான்.

கவுன்சில்காரன் குந்தமாட்டான் என்று எனக்கு அப்போதுதான் முதல்தரம் பட்டது.

செபமாலைமுத்து அண்ணை ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். “என்ன தம்பி? என்ன நடந்தது?” என்று இங்கிலீசில் கேட்டார். ஒருவரும் அதுவரை அவனை அப்படிக் கேட்கவில்லை. ஏன், எதற்கு என்றுதான் கேட்டிருந்தோம். அவன் சொன்னான். முதலில் நான் உங்களுக்குச் சொன்ன எல்லாவற்றையும் அங்கேதான், உடைந்த கல்லுகளுக்கு நடுவில்தான் சொன்னான். யோசனையில் வந்தபோது அந்த மரத்துக்கு முன்னால் தன் உடம்பு தானாகக் குனிந்தது என்றான். உள்ளே போன பிறகுதான், எந்த வாசலுக்குக் குனிந்தோம் என்று தெரிந்ததாம். அந்த உயரம்தான், அச்சாக அதேதான். அளக்கத்தான் விடவில்லை.

“இது நல்ல கதை” என்றா வசந்தமலர் அக்கா. அவவுக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. “கொபானி வாசலை மிச்சத்தில தேடுறாராம்.”

பொஸான் போனைத் திருப்பிக் காட்டினான். வீடியோ அழைப்பில் மேசன் நின்றான், இரண்டு புதுச் சுவருக்கு நடுவில். சுவர் இரண்டும் ஏறியிருந்தது, மேலே வெறும் வானம். குழைத்த சாந்து வாளியில் காய்ந்துகொண்டிருந்தது. அவன் பொஸானை ஏதோ ஏசினான். மொழி தெரியாவிட்டாலும் ஏச்சு விளங்கியது. இன்றைக்குச் சொல், இல்லாவிட்டால் நான் போகிறேன்.

செபமாலைமுத்து அண்ணை போனை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முல்லைத்தீவுக்காரர், அவருடைய ஊரும் சண்டையில் மண்ணானது. “இவன் வாசல் உயரம் தேடுறான்” என்றார். “எனக்குக் காணி எதெண்டே பிடிபடேல்ல.”

பிறகு அளக்கும் வேலை தொடங்கியது. கல்லெல்லாம் ஸ்கிப்பில் கலந்துகிடக்க எதை அளப்பது? ஷெட்டுக்குள் தினமும் போய் வந்தவர்களைக் குனியச் சொல்வது என்று முடிவானது. செபமாலைமுத்து அண்ணை ஊன்றுகோலோடு சரியாகக் குனிய ஏலாது. வசந்தமலர் அக்காவைக் கேட்டோம். அவ கட்டை, அந்த மரத்துக்குக் குனியவே தேவையில்லாத ஆள், ஆனாலும் பழக்கத்தில் குனிந்தே போய்வந்தவ. அதை அளந்தால் கோழிக்கூட்டு வாசல்தான் வரும். மிஞ்சியது அம்பலவாணன் அண்ணை.

அவர் கம்பீரமாக வந்து நின்று குனிந்தார். நாடாவைப் பிடித்தோம். மறுபடி குனியச் சொன்னோம், அது வேறு உயரம். இன்னொருதரம், அது இன்னும் வேறு.

“என்னப்பா, கல்யாணத்தில படத்துக்கு நிக்கிறமாதிரி நிக்கிறியள்!” என்றா அக்கா. “நீங்கள் தினமும் எப்பிடிக் குனிஞ்சனீங்கள்?”

“எப்பிடிக் குனிஞ்சனான் எண்டு பாத்துக்கொண்டே குனிஞ்சனான்? குனிஞ்சனான், அவ்வளவுதான்!”

பொஸானும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தான். வரவில்லை. தெரிந்துகொண்டு குனிந்தால் உடம்பு பொய் சொல்கிறது என்றான். அறையில் தனியே எத்தனையோ தரம் செய்து பார்த்துவிட்டானாம். போனுக்குள் மேசன் வாளியைக் கையில் எடுத்துவிட்டான்.

நான் பொஸானின் கையில் நாடாவைக் கொடுத்து, கண்ணால் ஒரு சைகை காட்டினேன். அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். பார்த்தாலும் நாடாவை விரித்துக்கொண்டு, வளைமரம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

அம்பலவாணன் அண்ணை களைத்துப்போய்க் குசினிப் படியில் இருந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். நான் வேலிப் பக்கம் பார்த்துக் குரல் வைத்தேன்.

“அண்ணை! உங்கட ட்ரில்லை ஆரோ வேலியால தூக்கிறான்!”

மனுசன் கோப்பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். தலை வேலியை நோக்கி, வாய் எவனடா என்றபடி, கால் போன வேகத்தில் ஷெட் வாசலுக்கு நேரே போனார். அங்கே மரமும் இல்லை, கல்லும் இல்லை, வெறும் வெயில். அந்த இடம் வந்ததும் தலை ஒருபக்கம் சரிந்தது, தோள் இறங்கியது, குனிந்தார்.

“நில்!” என்று பொஸான் கத்தினான். தமிழில்தான் கத்தினான், அதுவும் எங்கள் கடையில் பொறுக்கியதுதான்.

அண்ணை அப்படியே நின்றுவிட்டார். பழைய சண்டைக்காலத்து ஆள், நில் என்றால் அசையமாட்டார். பொஸான் நாடாவை நிலத்தில் ஊன்றி அவர் தலைக்கு மேலே பிடித்தான். “இடிபடாமல் போக ஒரு விரல் சேர்” என்றார் செபமாலைமுத்து அண்ணை. பொஸான் ஒரு விரல் வைத்தான். அந்த விரலைப் பார்த்தான். வேறு யாரும் சொல்லாமலே தன் தலையை அதற்குக் கீழே கொண்டுபோனான். நின்றான். பிறகு போனைப் பார்த்து ஒரு எண்ணைச் சொன்னான். மறுபடி சொன்னான். மேசன் வாளியை நிலத்தில் வைத்தான்.

“நிமிரலாமோ?” என்று கேட்டார் அம்பலவாணன் அண்ணை. “இடுப்பு நாரி பிடிச்சுப்போட்டுது.”

பாதித் தலை வெட்டின வெள்ளைக்காரன் கைதட்டினான். எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

இதெல்லாம் நடந்து சில கிழமைக்குப் பிறகு, ஒரு பின்னேரம் பொஸான் எங்கள் எல்லாரையும் சலூனுக்குக் கூப்பிட்டான். ஊரிலிருந்து வீடியோ வந்திருந்தது. அம்பலவாணன் அண்ணை முடிவெட்டுக் கதிரையில் போய் ஏறி இருந்தார். அக்கா அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

எமினே என்ற அந்தத் தாய் வெள்ளைத் துணியால் தலையை மூடியிருந்தா. தமக்கையின் மகள் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிவந்து விட்டாள். தாய் அந்தக் கையை உதறிவிட்டா. மதிலைத் தொட்டா. தொட்டபடி நடந்தா, மெதுவாக, எல்லாரையும் சந்தேகப்படுகிற மாதிரி. வாசல் கிட்ட வந்தது.

“யாதே” என்றான் பொஸான் போனைப் பார்த்து. அம்மா என்று அர்த்தமாம். வீடியோவில் இருந்தவவுக்கு அது எங்கே கேட்கும்?

தாயின் தலை ஒருபக்கம் சரிந்தது. குனிந்தா. உரசவில்லை. உள்ளே போனா. போன் வைத்திருந்தவளும் பின்னாலே போனாள், அவளுடைய தலைதான் மடாரென்று இடித்தது, படம் ஆடியது. படம் திரும்பி நின்றபோது தாய் ஜன்னல் திட்டில் முழங்கையை ஊன்றி நின்றா. மற்றக் கையால் சுவரைத் தடவினா. ஒரு இடத்தில் கை நின்றது. பிறகு திரும்பிக் கோபமாக ஏதோ சொல்லத் தொடங்கினா. நிறுத்தவே இல்லை.

பொஸான் வாயைப் பொத்திக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று சொல்ல முடியவில்லை.

“என்னவாம்?” என்றார் செபமாலைமுத்து அண்ணை.

“நாங்கள் பொய் சொன்னமாம், அண்ணை. வீடு இடியவே இல்லையாம். இவ்வளவு காலமும் தன்னை ஏமாத்தி வேற வீட்டில வச்சிருந்தமாம். ஏன் ஏமாத்தினனீங்கள், ஆர் இந்த வீட்டில இருந்தது எண்டு கேக்கிறா.”

வசந்தமலர் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தா. அம்பலவாணன் அண்ணை கதிரையை மெல்லத் திருப்பிப் பொஸானைப் பார்த்தார்.

“அந்த வீடும் இடியேல்ல எண்டா, இடிஞ்சது என்ர ஷெட் மட்டும்தானே?” என்றார்.

“ஓம் அண்ணை” என்றான் பொஸான், அவருடைய கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே.